சிதோனி அக்காவின் தொண்ணூறாம் ஆண்டுத் திரை

"மூச்ச இழுத்துப் புடிக்காத. தைச்சு வாங்கின பொறவு மூச்சு விட வேணாமா ஒனக்கு?"

குண்டூசிகளை உதட்டின் இடது ஓரத்தில் கவ்வியபடி, வலது ஓரத்தால் பேசிக்கொண்டே, சிதோனி பிலோவா வாடிக்கைக்காரியின் இடுப்பில் டேப்பைச் சுற்றுகிறார். சாப்பாடு, ஜெபம், சண்டை ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் அந்த ஊசிகள் வாயை விட்டு இறங்கும். யவுந்தே நகரத்து ம்வோக்-அடா பேட்டையில் அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்த ஆரம்பித்தால், பக்கத்துக் கடைகளில் பேச்சு நின்றுவிடும். யார் மாட்டினார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு கால்மிதி மிஷின், மூலையில் விரிசல் விட்ட நிலைக்கண்ணாடி, பின்னல் அறுந்துபோகாத ஒரே நாற்காலி. இதுதான் கடை. கடைக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கும் வாசல் திரைதான் அவருடைய பெருமை. இங்கே புதுத் துணி எடுக்காமல் எதுவும் நடக்காது. மகளிர் தினத்துக்கு ஒரு துணி, தேவாலய விழாவுக்கு ஒரு துணி, செத்தவரை அடக்கம் பண்ண அவர் முகமே அச்சடித்த துணி. தைக்கிற ஒவ்வொரு உடுப்பிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, வந்த வரிசையிலேயே திரையில் சேர்த்துத் தைத்துவிடுவார். டிசம்பர் கடைசி நாளில் திரை இறங்கிப் பெட்டிக்குள் போகும். ஜனவரியில் முதலில் வருகிற துணியோடு அடுத்த திரை தொடங்கும்.

திரையின் முகம் ஊருக்கு, முதுகு சிதோனி அக்காவுக்கு. ஒவ்வொரு துண்டின் பின்பக்கமும் பேனா மையில் பெயரும் இடுப்பளவும் எழுதியிருக்கும். பேட்டையில் யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது புருஷன்காரனுக்கு முன்னால் அவருடைய டேப்புக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் வெளியே விடமாட்டார். "டேப்பு எங்கிட்ட சொல்லுது. நான் பேனாகிட்ட சொல்றேன். அதோட சரி."

முகம் அச்சடித்த துணிகளை வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆயரின் வெள்ளிவிழாத் துணியை வேறொரு தையல்காரர் வெட்டி, ஒரு அம்மாளின் பின்புறத்தில் ஆயரை உட்கார வைத்துவிட்டார். அந்த அம்மாள் பூசை முடியும்வரை உட்காராமல் நின்றே இருந்தாராம். "ஆயர் நெஞ்சுல இருக்கலாம், முதுகுல இருக்கலாம். நாம அவரு மேல ஒக்காரக் கூடாது," என்று சொல்லி அத்தனை உடுப்பையும் பிரித்துத் தைத்துக் கொடுத்தவர் சிதோனி அக்கா.

துண்டுகளின் வரிசை விஷயத்தில் மட்டும் மனுஷிக்கு ஈவிரக்கமே கிடையாது. பக்கத்துக் கடையில் உப்பிய பணியாரமும் அவரைக் குழம்பும் விற்கிற மர்லிஸைக் கேட்டால் தெரியும். மர்லிஸுக்குத் தொண்ணூறு செப்டம்பரில் கல்யாணம். மறு ஜனவரியில் மகன் பிறந்துவிட்டான், கொழுகொழுவென்று, குறைப்பிரசவம் என்று சொல்லக்கூட வழியில்லாமல். ஊரிலிருக்கிற மாமியாரிடம் கல்யாணம் மே மாசமே முடிந்துவிட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறது. அவள் என்றைக்காவது அந்தத் திரையைப் பார்த்துவிடுவாளோ என்று மர்லிஸுக்குப் பத்து வருஷமாகப் பயம்.

"அக்கா, என் கல்யாணச் சேப்பு லேஸுத் துண்டத் தூக்கி மே மாசத்துல வெச்சிருங்கக்கா. காலு புடிக்கிறேன்."

"காலுக்கு வேணா பாவாடை தைச்சுத் தரேன். துணி வந்த நாள்லதான் ஒக்காரும். அதை ஏத்த எறக்க நான் யாரு?"

பத்து வருஷமாக இதே கேள்வி, இதே பதில். மர்லிஸின் பணியாரத்தை மட்டும் அக்கா தினமும் வாங்கிச் சாப்பிடுவார்.

அப்படிப்பட்டவர் போன மாதம் தொண்ணூறாம் ஆண்டுத் திரையைப் பெட்டியிலிருந்து எடுத்து நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். பழைய வாடிக்கைக்காரி ஒதில் நோமோவின் மகள் ரெஜினுக்காக.

ரெஜின் இந்த வருஷம் ஆரம்பப் பள்ளியின் கடைசித் தேர்வு எழுத வேண்டும். பிறப்புச் சான்று இல்லாமல் பெயர் கொடுக்க முடியாது. பெயர் கொடுக்க மாதக் கடைசி கெடு. அவள் ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை, எசோம்பாவின் டாக்ஸியில் பிறந்தாள். பதிந்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டுப் போன அப்பன் இன்னும் வந்து சேரவில்லை. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை. தேர்வு எழுதாவிட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும். நீதிபதி தேதியை உறுதி செய்து தீர்ப்பு கொடுத்தால்தான் உண்டு. அதற்கு இரண்டு சாட்சி வேண்டும்.

முதல் சாட்சி எசோம்பா. "நம்ம நாட்டு டீமு, நம்ம சிங்கங்க, தோத்த அன்னிக்குத்தாம்மா பொறந்துச்சு. பந்தாட்டம் முடிஞ்சு ஊரே ரோட்டுல நின்னு அழுவுது, வண்டி நகரல. பின்சீட்டுல வீல்னு ஒரு சத்தம். நானும் சேந்து அழுதேன். சீட்டுக் கவரயே மாத்த வேண்டியதாப் போச்சு."

நீதிபதி அம்மாள் பேனாவை வைத்தார். "எந்தத் தோல்வி? தொண்ணூறுலயும் உலகக் கோப்பையில தோத்தாங்க. தொண்ணூத்தி நாலுலயும் தோத்தாங்க."

"பெரிய தோல்விம்மா."

"எல்லாமே பெரிய தோல்விதான்."

கூடம் சிரித்தது. ஒதில் சிரிக்கவில்லை. ரெஜின் அம்மாவைப் போலவே சின்ன உருவம். பார்த்தால் ஏழு வயசு சொல்லலாம். நீதிபதியின் பார்வையும் அதைத்தான் சொன்னது.

சிதோனி அக்காவைக் கூப்பிட்டார்கள். வாயிலிருக்கும் ஊசியை எடுக்கச் சொன்னார் காவலர். "சண்டையா, ஜெபமா?" என்று கேட்டுவிட்டு எடுத்துக் காலரில் குத்திக்கொண்டார். அடையாள அட்டையைப் பார்த்த எழுத்தர் பிறந்த தேதி இருந்த இடத்தை உரக்கப் படித்தார்: "சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு."

"ஒங்க தேதியே சுமார்தான். இன்னொருத்தர் தேதிக்கு நீங்க சாட்சியா?" என்றார் நீதிபதி.

"நான் பொறந்தப்ப எங்க வீட்டுல துணி எடுக்கலம்மா. எடுத்திருந்தா யாராச்சும் ஒரு துண்டு வெச்சிருப்பாங்க." அவர் சும்மாதான் சொன்னார். எழுத்தர் அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பிள்ளைக்கு ஏழு வயசா என்று யாராவது கேட்பார்கள் என்று தெரிந்தே அக்கா தொண்ணூற்றி நாலாம் ஆண்டுத் திரையையும் கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பிரித்தார்கள். தொண்ணூறின் முதுகில் பழைய படுக்கை விரிப்பைத் தைத்து மூடியிருந்தார், மற்ற பெண்களின் இடுப்பு நீதிமன்றத்துக்கு எதற்கு என்று. ஒதிலின் துண்டுகள் இருந்த மூன்று இடங்களில் மட்டும் ஜன்னல் வெட்டிவிட்டிருந்தார். வயிற்றுப்பிள்ளையோடு இருந்தபோதும் தொளதொள கபா கவுன் போட மாட்டேன், பாவாடையும் சட்டையும்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவள் ஒதில். அதனால்தான் அளவு எடுக்க வேண்டி வந்தது. மார்ச் எட்டு மகளிர் தினத் துணியில் எண்பத்திநாலு. மே இருபது தேசிய நாள் துணியில் தொண்ணூற்றேழு. மூன்றாவது சிங்கத் துணி.

"ஜூன் எட்டாந்தேதி அர்ஜென்டினாவ ஜெயிச்சாங்கல்ல, அடுத்த வாரம் மொக்கோலோ சந்தைல சிங்கத் தலை போட்ட துணி எறங்குச்சும்மா. அதுல இவளுக்கு நூத்தியாறு. வாங்கிக்க வரேன்னா, வரல. ரெண்டு மாசம் கழிச்சுக் கைல புள்ளையோட வந்தா. எண்பத்தஞ்சுக்குப் புடிச்சுக் குடுத்தேன். எல்லாம் இதுலயே எழுதியிருக்கு."

"இந்தச் சிங்கத் துண்டு தொண்ணூத்தி நாலுல இருந்து எடுத்ததில்லேன்னு எப்படி நம்புறது?"

அக்கா மற்ற திரையைத் தூக்கிப் பிடித்தார். தொண்ணூறு தரையைத் தொட்டது. அதில் சிங்கங்கள் இருபத்திமூன்று. பல கட்சிகள் இருக்கலாம் என்று டிசம்பரில் சட்டம் வந்த வாரத்தில், கடைக்குள் நின்று ஜனங்கள் முதல்முறையாகச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே கொடுத்த பூப்போட்ட துணிகளும் இருந்தன. தொண்ணூற்றி நாலோ அவருடைய இடுப்புக்குமேல் நின்றுவிட்டது. ஒரு சிங்கம்கூட இல்லை.

"ஜனவரில நம்ம பிராங்கு காசு பாதி மதிப்பாப் போச்சே, அந்த வருஷம்மா இது. புள்ளைக்கு ரொட்டி வாங்குவாங்களா, துணி எடுப்பாங்களா?"

நீதிபதி அந்த அரைத் திரையின் கீழ்விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். அந்த வருஷம் அவர் வீட்டிலும் வந்துபோனதுதானே. பிறகு தொண்ணூறில் சிங்கங்கள் தோற்ற அந்த நாளையே எழுதச் சொன்னார்: 1990 ஜூலை 1. சிங்கத் துண்டு கோப்பில் இருக்க வேண்டும் என்றார்.

அக்கா கத்தரியை வீட்டில் விட்டு வந்ததே இல்லை. நாலு வெட்டு. துண்டை மடித்து எழுத்தரிடம் கொடுத்தார். திரும்பும் வழியில் டாக்ஸியில் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். வலிக்கத்தான் செய்தது என்று பிறகு மர்லிஸிடம் சொன்னாராம்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் சான்று கைக்கு வந்தது. ரெஜினின் பெயர் பட்டியலில் ஏறியது. அன்று பகலே ஒதில் நீலச் சீருடைத் துணியோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தேர்வுக்குப் புதுசு போட்டுத்தான் போகவேண்டுமாம். அக்கா ரெஜினின் இடுப்பை அளந்தார். "அம்பத்தஞ்சு. சாப்புடுறியா, இல்ல புஸ்தகத்தையே திங்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே துணியை வெட்டினார். ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்து, பின்பக்கம் பெயரையும் அளவையும் எழுதினார்.

இந்த வருஷத் திரை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் போகவில்லை. பெட்டியைத் திறந்து தொண்ணூறை எடுத்து மடியில் விரித்தார். இருபத்திரண்டு சிங்கங்களுக்கு நடுவே இருந்த ஓட்டையில் நீலத் துண்டை வைத்து, நாலு மூலையிலும் ஊசி குத்தினார்.

பணியாரத் தட்டோடு வந்த மர்லிஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அடப்பாவி அக்கா! இது இந்த வருஷத் துணி! எனக்கு நாலே மாசம் ஏத்தி வெக்கச் சொன்னதுக்குப் பத்து வருஷமா அந்தப் பேச்சு பேசுனீங்களே! பதினோரு வருஷத்த இப்படித் தூக்கி வெக்கிறீங்க? இதுக்கு என்ன பதில் சொல்றீங்க? ஊசிய எடுங்க வாயிலேர்ந்து!"

ஒதிலும் ரெஜினும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்துக் கடைகளில் பேச்சு நின்றது.

சிதோனி அக்கா காலரில் மிச்சமிருந்த இரண்டு ஊசிகளையும் உருவி, வாயில் இருந்தவற்றோடு சேர்த்துக் கவ்விக்கொண்டு, மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.