பதினோரு கோலிக்குண்டு

மசாம்பா ஃபே எங்கள் ஊர் தம்பாகுண்டாவில் நிலக்கடலை எடைபோடும் வேலையில் இருந்தான். தராசு முள் நிற்கும்வரை பொறுத்திருப்பான். தட்டை விரலால் அழுத்த மாட்டான். அதற்காகத்தான் ஜனங்கள் அவனைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். பேச்சுத் திறமைக்காக என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் தேர்தல் கூட்டத்தில் மூன்று வார்த்தை பேசிவிட்டு இருமிக்கொண்டே இறங்கியவன் அவன்.

என் பெயர் அவா, ஜோலா இனத்துக்காரி. சமையலுக்குச் சிப்பி விற்க வந்து அங்கேயே தங்கிவிட்டேன். அவன் செரேர். எங்கள் இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலி முறை. நான் அவனை என் அடிமை என்பேன், அவனும் என்னை அப்படியே சொல்வான். யாரும் கோபிக்கக் கூடாது. அதைவிடப் பெரிது ஒன்று உண்டு. சண்டையின்போது கேலி முறைக்காரர் குறுக்கே வந்து 'போதும்' என்றால், அதோடு விட்டுவிட வேண்டும்.

சட்டசபைக்குப் போனபின் மசாம்பா ஊருக்குப் படகுத்துறை கட்டிக் கொடுத்தான், கிணறு வெட்டிக் கொடுத்தான். வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறும் நாளில் தானும் உறுப்பினராக மேடையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்குள் அடுத்த தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் ஓட்டு என்றால் கோலிக்குண்டு. தேர்தலில் நிற்கும் ஆளுக்கு ஒரு பீப்பாய். பிடித்தவன் பீப்பாயில் குண்டைப் போட்டால் உள்ளே மணி அடிக்கும். எண்ணிப் பார்த்தால் மசாம்பாவுக்குப் பதினொன்று குறைவு. சாமேகுண்டா துணி வியாபாரி கெமோ தர்போ ஜெயித்துவிட்டான்.

மறுநாள் காலையில் லாரி நிறைய மசாம்பாவின் ஆட்கள், கையில் உலக்கையும் தடியும்.

"ஒருத்தன் உள்ள போனான், மணி ரெண்டு தடவ அடிச்சுது. என் காதால கேட்டேன்!" என்று ஒருவன் கத்தினான். மசாம்பா முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தான். சாமேகுண்டாவுக்குத்தான் கிளம்புகிறார்கள். நான் சிப்பிக் கூடையோடு லாரிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"அவா, எந்திரி. இன்னிக்குக் கேலி வேணாம்."

"எஜமானியக் கேக்காம எங்கடா கெளம்பிட்ட, அடிமைப் பயலே?"

டிரைவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"எண்ணிக்கையில மோசடி நடந்திருக்கு, அவா."

"நடந்திருந்தா பட்டணத்துல மனுக் குடு. உலக்கையால எழுதுற மனுவ எவன் படிப்பான்?"

"நீ நகரலேன்னா?"

"என் மேல லாரிய ஏத்திக்கிட்டுப் போ. பசி வந்தா செரேர் சொந்தக்காரனையே தின்னுருவான்னு எங்கப்பன் சொன்னாரு. நெசம்தான் போல."

லாரிக்குள் யாரோ சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை.

"போதும் மசாம்பா. நான் சொல்றேன், போதும்."

மசாம்பா கதவைத் திறந்து இறங்கினான். "சோத்துப்பானை! நீ பொறந்த அன்னிக்கே ஊருல அரிசி தீந்திருக்கும்!" என்று கேலி முறைப்படியே என்னைத் திட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

பட்டணத்தில் மனுக் கொடுத்தான், தள்ளுபடி செய்துவிட்டார்கள். கொடி ஏறிய அன்று கெமோ தர்போ மேடை நாற்காலியில் இருந்தான். மசாம்பா இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியோடு வெயிலில் எங்களுடன் நின்றான். அழுதான் என்று ஊரில் சொல்வார்கள். வியர்வைதான். பக்கத்தில் நின்றவள் நான்.

அதற்கப்புறம் அவன் தேர்தலில் நிற்கவே இல்லை. சாமேகுண்டாவில் யார் மண்டையும் உடையவில்லை. ஆனால் ஒரு வருஷம் என்னிடம் அவன் சிப்பி வாங்கவில்லை. "கேலி முறையில கோவம் செல்லாதுடா!" என்று ஒருநாள் அவன் வாசலில் நின்று கத்தினேன். அவன் பெண்டாட்டி கிண்ணத்தோடு வந்தாள்.

"பெரிய சிப்பியாப் போடச் சொன்னாரு" என்றாள்.