லைன் நின்னுடும்

ஆம்பூர்ல எங்க தெருப் பசங்களுக்கு லீவுல இலவசமா ஒரு கேம்ப் நடத்திட்டிருக்கேன். இன்னைக்கு புலி முகமூடி. ஆளுக்கு ஒண்ணு, இஷ்டம் போல செய்ங்கன்னு அட்டை, பசை, கலர் எல்லாம் குடுத்துட்டு தண்ணி எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தா எல்லாரும் வரிசையா உக்காந்திருக்காங்க. ஒருத்தன் வெட்டறான். பக்கத்துல இருக்கறவன் ஒட்டறான். அடுத்து பிரியா, மீசை மட்டும் வரையறா. கடைசியில ஜெனிபர் செக்கிங்.

"இன்னாடி இது?"

"லைன் கா. இப்டி செஞ்சா சீக்கிரம் முடியும். டார்கெட் எவ்ளோ கா?"

சும்மா இருக்க முடியாம நானும் ஒரு முகமூடி செஞ்சு நீட்டினேன். ஜெனிபர் திருப்பித் திருப்பிப் பாத்தா. "பேஸ்டிங் சரியில்ல, ரிஜெக்ட்"னு ஓரமா போட்டுட்டா.

சிரிச்சிட்டேன். அப்பதான் கவனிச்சேன், பிரியா காலை இறுக்கிக்கினு நெளியறா.

"பாத்ரூம் போய்ட்டு வாம்மா."

"நான் போனா லைன் நின்னுடும் கா. எங்கம்மா ஷூ கம்பெனியில சாயந்திரம் வரைக்கும் அடக்கிக்குவாங்க."

கையப் புடிச்சு நானே கூட்டிட்டுப் போனேன். வீட்டுக்கு வந்தும் ஒரு இடத்துல உக்கார முடியல.

நாளைக்கு லைன் போடவே முடியாத ஒரு விளையாட்டு வேணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க. ரயில் வண்டின்னு மட்டும் சொல்லிடாதீங்க.