மோர் வழக்கும் தானாகத் திறக்கும் கதவும்

அண்ணாமலையைச் சுற்றி எட்டு லிங்கம். ஒன்பதாவது ஒன்று வைப்பதென்று என்றைக்காவது முடிவானால், அடி அண்ணாமலை மோர்க்கடை வள்ளியின் குண்டானைத்தான் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தக் குண்டானைத் தூக்கி நாற்பது லிட்டர் மோரையும் ஒரு மனிதன் தலையில் கொட்டியவள் அவள். மோர் ஆறாக ஓடி வருண லிங்கம் வரைக்கும் ஈரமானது. பக்தர்கள் வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு கிரிவலம் போனார்கள்.

இப்படித்தான் அவளுடைய அண்ணன் மகள் கவிநிலா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கவிநிலாவுக்குப் பதினேழு வயது. பதினொன்றாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தையும், பள்ளிக்கூடம் அவளையும் விட்டாயிற்று. இப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஊராருக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள்.

மோர் வாங்கிய தலை ஆதிமூலத்துடையது. வள்ளியின் கடைக்குப் பக்கத்தில் லாட்ஜ் கட்டியவன். ஆறு வருஷம் முன்பு ஒரு பௌர்ணமியன்று, அவள் கடையை அடியோடு மறைத்துத் தன் லாட்ஜ் பேனரை நட்டான். "ரோட்டு இடம்தானே, உனுக்கு மட்டும் பட்டாவா?" என்று வேறு கேட்டான். வள்ளி மோரால் பதில் சொன்னாள். வெள்ளைச் சட்டையில் ஒட்டிய கறிவேப்பிலையோடு அவன் நேரே ஸ்டேஷனுக்குப் போனான்.

"ஒத்துக்கினு ஃபைன் கட்டிட்டுப் போம்மா. இன்னியோட முடிஞ்சிடும்" என்றார் ஏட்டு. எல்லோருக்கும் சொல்வதுதான், எல்லோரும் செய்வதுதான். கோர்ட்டில் "ஆமாங்கய்யா, ஊத்துனேன்" என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு, அன்று மாலையே கடை திறந்தாள். முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. மகள் தேவிப்ரியா சிங்கப்பூரில் நர்ஸ். வருஷத்துக்கு மூன்று தடவை வள்ளி போய்வருவாள். இந்த வருஷம் பொங்கல் முடிந்து கிளம்பியவள் சென்னை விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டுக்கு முத்திரை வாங்க வரிசையில் நின்றாள். பக்கத்தில் ஆதிமூலம். அவன் நிற்கவில்லை. முன்கூட்டியே விண்ணப்பித்து, நம்பகமான பயணி என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டவர்களுக்குத் தானாகத் திறக்கும் கதவு ஒன்று அங்கே உண்டு. அதில் விரலை வைத்தான். திறந்தது. உள்ளே போகுமுன் திரும்பிப் பார்த்தான்.

"கேஸ் வாங்குனவங்களுக்கு இது திறக்காது வள்ளி. நீ நின்னு மெதுவா வா."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி நின்று பழகிய கால். வரிசை அவளுக்குப் பெரிதில்லை. அந்தச் சொல்தான் அவளோடு விமானம் ஏறியது, மகள் வீட்டில் ஒரு மாசம் தூங்கவிடாமல் கூடவே இருந்தது, திரும்பியும் வந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் வள்ளி வேங்கிக்காலில் கவிநிலா முன்னால் வந்து நின்றாள். "எனுக்கும் அந்தக் கதவு வேணும்டி. அவன் பாத்துக்கினு இருக்கணும், நான் முன்னால போவணும்."

கவிநிலா தன் பங்குக்கு ஏற்கெனவே ஒரு பழி தீர்த்திருந்தாள். லாட்ஜ் லைசன்ஸுக்கு ஆதிமூலம் கொடுத்த போட்டோவில் மண்டையைப் பாதியோடு வெட்டி ஏற்றிவிட்டு, மூன்று நாள் அலையவிட்டாள். அதெல்லாம் சில்லறை. இது பெரிய வேலை. உட்கார்ந்து நிரப்பத் தொடங்கினாள். குற்ற வழக்கில் தண்டனை உண்டா என்ற கேள்வி வந்தது.

"இல்லன்னு போட்டுடறேன் அத்த. ஃபைன் கட்டுனதெல்லாம் ஒரு கேஸா?"

"இருக்குதுன்னு போடு. பொய் சொன்னா அவனுக்கு ஒரு மொட்டை பெட்டிஷன் போதும், ஆயுசுக்கும் என்ன வெளிய நிறுத்திடுவான்." வள்ளி பையிலிருந்து தீர்ப்பின் நகலை எடுத்து மேசையில் வைத்தாள். அதை வாங்க நாலு தடவை கோர்ட்டுக்கு நடந்திருந்தாள்.

"உண்மைய சொல்லி, தள்ளிட்டாங்கன்னா?"

"தள்ளட்டும். ஆதிமூலம் மோர்ல நனைஞ்சான்னு டில்லி வரைக்கும் எழுத்துல போவும் இல்ல? அத எந்த மெஷின்ல விரல் வெச்சு அழிப்பான்?"

கவிநிலா தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே 'இல்லை' என்பதை அழுத்தினாள். அந்தக் கதவு முன்னால் அத்தை விரலை வைத்து, அது திறக்காமல், அவன் பார்த்துச் சிரிப்பதை அவளால் நினைக்கக்கூட முடியவில்லை. அதை வெளியே சொல்கிற பெண்ணும் இல்லை அவள்.

"முடிஞ்சிது. ஃபோன்ல ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

வள்ளி ஃபோனைப் பார்த்தாள். பிறகு அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"வந்துச்சி."

"சொல்லு அத்த."

"இருக்குதுன்னு போட்டிருந்தா அந்தக் காயிதத்த பொட்டியில வெச்சிருப்ப. வெக்கவே இல்லியேடி நீ. லைட்டு ஓடல. பௌர்ணமி கூட்டத்துல அத்தினி பேரு கையையும் பாத்துக்கினு யாவாரம் பண்றவ நான்."

கவிநிலா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு ஸ்கேனர் மூடியைத் திறந்தாள். தீர்ப்புக்கு அடியில் பச்சை வெளிச்சம் ஓடியது. 'இல்லை' 'ஆம்' ஆனது. விவரம் எழுதும் கட்டத்தில் தட்டிக்கொண்டே சத்தமாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள்: "குண்டானில் இருந்த மோர் முழுவதையும்..."

"நிறுத்து. முழுசுமா?"

"நாப்பது லிட்டரு. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு நீ சொன்னது. அதுல இன்னா போட்டிருக்குதுன்னு பாரு."

கவிநிலா முதல்முறையாகத் தீர்ப்பைப் படித்தாள். ஒரு சொம்பு என்று இருந்தது.

"பௌர்ணமி அன்னிக்கி எவடி நாப்பது லிட்டர கொட்டுவா? ஒரு சொம்பு தான் அவனுக்கு. மீதிய வித்துட்டேன். மாத்தி அடி, அப்புறம் நம்பர் சொல்றேன்."