எழுந்திருக்காத பந்தி

கல்வெட்டு படிக்கச் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் அவர். ஒல்லியான உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். திருவட்டாறு கோயிலில் மூன்று நாளும் அவருக்குத் துணை, பள்ளி ஆசிரியனான நான்தான்.

நான்காம் நாள் தோவாளையில் ஒரு கல்யாண வீட்டுக்கு அவரை அழைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். முதல் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரப் போன என்னைப் பெண்ணின் தகப்பனார் தடுத்தார்.

"வாத்தியாரே, உங்க ஆளுகளுக்குப் பின்னால எல போடுவோம். நீரு பெறவு இரும்."

கோயிலுக்குள் எங்கள் சாதிக்காரர்களை விட்டுப் பல வருடமாகியிருந்தது. பந்திக்குள் இன்னும் விடவில்லை.

பேராசிரியர் இலையைத் தொடவில்லை; எழுந்திருக்கவும் இல்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து, காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சாப்பிட்டு முடிக்காமல் இலைமுன் இருக்கும்போது பந்தி எழுந்திருக்கக் கூடாதே.

"சாரே, அடுத்த பந்திக்கு ஆளு நிக்காவ," என்று தகப்பனார் கெஞ்சினார்.

"நிக்கட்டும். என்கூட வந்தவர் சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்."

கடைசியில் அவர் பக்கத்தில் எனக்கு இலை விழுந்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"மெதுவா சாப்பிடுங்க, சார்."

எனக்குப் பாயசம் அவ்வளவாகப் பிடிக்காது. அன்று மூன்று தடவை கேட்டு வாங்கினேன்.