ஷட்டருக்கு ஊற்றிய தண்ணீர்

வேன் ஷெட்டின் ஷட்டரை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது வாளித் தண்ணீர் தெறித்து என் உதட்டில் விழுந்தது. நாக்கு தானாகப் போய்த் தொட்டது. உப்பு. ஷட்டரில் படிந்த உப்பு தண்ணீரில் கலந்திருக்கும் என்று நினைத்தேன். வாளியைக் கவிழ்த்துவிட்டு, கிணற்றிலிருந்து புதிதாக இறைத்து, விரலை நனைத்து வாயில் வைத்தேன். அதுவும் உப்பு. கடல் அளவுக்கு இல்லை, கஞ்சிக்குப் போடுகிற அளவு.

கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்த ஒரு வருஷமும் ஞாயிறுதோறும் இந்தத் தண்ணீரைத்தான் நான் ஊற்றினேன். அதற்கு முன் மூன்று வருஷம் ஊற்றியது அம்மா. ஊற்றச் சொன்னது நான்.

வண்டூரில் கடலைப் பார்த்த மேட்டில் எங்கள் வீடு. படகில் தீவு பார்க்க வருகிறவர்களை போர்ட் பிளேரிலிருந்து ஏற்றிவந்து திரும்பக் கொண்டுவிடும் வேன் அப்பாவுடையது. சுனாமி அலை ஷெட்டின் மரக்கதவை அடித்துக்கொண்டு போனது. கிணற்றுக்குள் கடலும் சேறும் ஓர் ஆடும் வந்து விழுந்தன. ஆட்டை எடுத்து, மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். தண்ணீர் தெளிந்தது. ஆனாலும் யாரும் அதை வாயில் வைக்கவில்லை. குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் குழாய்த் தண்ணீர், கழுவவும் துவைக்கவும் கிணறு என்று வழக்கமாகிவிட்டது. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

மரக்கதவு போன இடத்தில் அப்பா இரும்பு ஷட்டர் போட்டார். சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் அதன் அடிப்பட்டையில் துரு பூத்திருந்தது. வகுப்பில் துருவைப் பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். கடல்காற்றின் உப்பு இரும்பில் தங்கக் கூடாது, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், ஷட்டர் ஏறி இறங்கும் இரண்டு பக்கத்துச் சேனலிலும் கிரீஸ் தடவ வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். லீவு முடிந்து நான் ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் வேலை அம்மாவிடம் வந்தது.

ஞாயிறு சாயங்காலம் போன் வரும்.

"ஒம் ஷட்டரக் குளிப்பாட்டியாச்சு இன்ஜினியரம்மா. பவுடரு, பொட்டு ஏதும் வைக்கணுமா?"

"எத்தன வாளிம்மா?"

"நாலு. எனக்கே ரெண்டு வாளிதான் குளிக்க. ஏத்தா, இந்தக் கெணத்துத் தண்ணில சோப்பு நொரைக்கவே மாட்டேங்குதே, என்னா?"

"அது ஹார்டு வாட்டரும்மா. பிளீச்சிங் போட்டதுல்ல, அப்படித்தான் இருக்கும்."

யோசிக்காமல் சொன்னேன். எதற்கும் என்னிடம் உடனே ஒரு பதில் இருக்கும்.

அம்மாவுக்கு நெஞ்சு வலித்த காலையில் நான் லீவில் வீட்டில் இருந்தேன். உலையில் அரிசி போட்டுவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு ஓடி ஷட்டரைத் தூக்கினார். முழங்கால் உயரம் வந்து நின்றது. ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, கோணலாக இறுகிவிட்டது. பட்டைகளின் ஓரம் துருவில் ஊதிச் சேனலுக்குள் சிக்கியிருந்தது. நான் தடவச் சொன்ன கிரீஸில் மணல் ஒட்டிக் கட்டியாகியிருந்தது. நானும் அப்பாவும் கடப்பாரை கொடுத்து நெம்பினோம். சத்தம் கேட்டு, நாங்கள் தாதா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் வந்தார்.

"சோடோ பாய், சோடோ. மே காடி லாத்தா ஹூம்," என்று அப்பாவின் தோளைப் பிடித்து இழுத்தார். விடு, நான் வண்டி கொண்டுவருகிறேன் என்றார். சைக்கிளில் போய், மீன் ஏற்றும் பிக்-அப் ஒன்றைப் பிடித்துவந்தார். அம்மாவை ஏற்றும்போது ஞாபகம் வந்து அடுப்பை அணைக்க ஓடினேன். சோறு வெந்து குழைந்திருந்தது. அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

பாதி வழியில் அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டாள்.

முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாதும்மா என்றார். அவர் எந்தப் பக்கத்தைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அப்பாவும் தாதாவும் சம்மட்டியால் அடித்து ஷட்டரை ஏற்றி வேனை வெளியே எடுத்தார்கள். அடித்தே இறக்கியும் விட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா வேனை உள்ளே விடவில்லை. வாசல் பாதாம் மரத்தடியில், கடல்காற்றுக்கு நேராக நிற்கிறது. வேன் கதவின் அடியில் துரு தின்று விரல் போகிற ஓட்டை. தரையில் மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. மழைக்காலம் முடிந்ததும் ஃபிட்னஸ் சான்றுக்கு வேனைக் காட்ட வேண்டும். இன்னொரு மழை வெளியிலேயே நனைந்தால் தேறாது. வேன் இல்லையென்றால் அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது.

எத்தனை முறை சொல்லியும் ஒரே பதில்தான்: "அந்தக் கதவ நம்பி இனி எதையும் உள்ள வைக்க மாட்டேன்த்தா."

திறக்காத ஷட்டரை நான் ஏன் கழுவிக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்று அப்பா சவாரி முடித்து வந்ததும் சொன்னேன். "அப்பா, கெணத்துத் தண்ணி உப்பு. ஷட்டரக் கெடுத்தது கடக்காத்து மட்டுமில்ல. நாங்க ஊத்துனதுதான்." நாங்கள் என்று சொன்னது உறுத்தியது. "நான் ஊத்தச் சொன்னது," என்றேன்.

அப்பா கிணற்றடிக்குப் போய் இறைத்து, உள்ளங்கையில் எடுத்து வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார்.

"காரா பானி," என்றார். பிறகு வாளியைப் பார்த்தபடியே, "இந்த உப்புலதான் சோப்பு நொரைக்கல. எங்கிட்டயும் சொன்னா. வேற சோப்பு வாங்கிக்கடின்னு சொன்னேன். வாங்கிட்டும் வந்து குடுத்தேன்."

கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை டீயோடு நான் திட்டத்தைச் சொன்னேன். அரித்துப்போன கீழ் நாலு பட்டைகளை மாற்றுவது. கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தெடுத்துவிட்டு, சேனலில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பது, மணல் ஒட்டாது. கழுவுவதற்குக் கூரைத் தண்ணீர். அப்பா கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினார்.

"எல்லாம் செய்யி. ஆனா பின்பக்கச் சொவத்தையும் எடுத்துருவோம். அங்க ஒரு மரக்கதவு, சும்மா தள்ளுனா தொறக்குற மாதிரி. பூட்டு வேணாம். அப்பன்னா வண்டிய உள்ள விடுறேன்."

"பூட்டு இல்லாட்டி வண்டியக் களவாண்டு போயிருவாங்களேப்பா."

"தீவுல களவாண்டு எங்குட்டுப் போவான்? கப்பலுக்கு டிக்கெட்டா எடுப்பான்?"

ஒரு வருஷத்தில் அவர் செய்த முதல் கேலி அது. சிரிக்கத்தான் நினைத்தேன், வரவில்லை.

கீழ் நாலு பட்டைகளைக் கழற்றிவிட்டேன். புதியவை அடுத்த கப்பலில் வரும். பின்சுவரில் செங்கல் எடுக்க வேண்டிய அளவை அப்பா கரியால் கோடு போட்டிருக்கிறார். பிவிசி பைப்பை நீளவாட்டில் அறுத்துக் கூரை ஓரம் கட்டி, நீல டிரம் ஒன்றை அடியில் வைத்திருக்கிறேன். முதல் மழை கூரைத் தகரத்தில் படிந்த உப்பைத்தான் கொண்டுவரும். அதை அப்படியே கவிழ்த்துவிட வேண்டும். இரண்டாவது மழைத் தண்ணீரைச் சேர்ப்பேன். அதில் ஒரு குவளை மொண்டு, முதலில் அம்மா மிச்சம் வைத்துப்போன சோப்பைப் போட்டுக் கலக்கி, நுரைக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.