ரங்கூனில் பிழைத்த மீசை

ரங்கூனில் குண்டு விழுந்தபோதுகூட என் மீசையில் ஒரு முடி கருகவில்லை. நான் கப்பலேறித் தப்பிவிட்டேன். கப்பலில் இடம் கிடைக்காத அண்ணன் பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வருகிறார்.

மாங்காட்டிலுள்ள வீட்டுக்குப் போக, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து குமணன்சாவடியில் இறங்கினேன். தீப்பெட்டி இல்லை. சுருட்டு பற்றவைக்கலாமென்று பஸ்ஸின் பின்னாலிருந்த கரி அடுப்பின் மூடியைத் தூக்கினேன்.

"அண்ணாத்தே, தொடாதே" என்று கிளீனர் கத்துவதற்குள் தீ முகத்தில் பாய்ந்தது. கண் தப்பியது, பாதி மீசை போயிற்று. மீதியை அங்கேயே மழித்துக்கொண்டேன். சாவு விழுந்தால்தான் மீசை எடுப்பார்கள் என்பது அப்போது நினைவில் இல்லை.

என்னைக் கண்டதும் மனைவி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "உங்க அண்ணன் பூட்டாரா?"

இப்போது பஸ் பக்கம் சுருட்டை எடுப்பதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், "யாரும் சாகலை, பஸ் அடுப்புதான்" என்று தெருவிலிருந்தே சொல்லிக்கொண்டு நுழைகிறேன்.