வண்டியைத் தொடவிடாத செல்லச்சாமி

பெண்டாட்டி மேல் சந்தேகப்படுகிற ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கார் மேல் அப்படிச் சந்தேகப்பட்டுக் காலம் தள்ளியவர் எனக்குத் தெரிந்து செல்லச்சாமி அண்ணாச்சி ஒருவர்தான். இத்தனைக்கும் அந்த அம்பாசடர் அவருடையது இல்லை. தென்காசியில் பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் அகிலாண்டேஸ்வரியின் வண்டி. அண்ணாச்சி அதற்கு டிரைவர், அவ்வளவுதான். ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது?

என் வாடகை சைக்கிள் கடை டாக்டரம்மா வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. எழுபத்து நாலில் அந்த வண்டி வந்ததிலிருந்து, காலையில் நான் கடைக் கதவைத் திறப்பதும் அண்ணாச்சி பானட்டைத் திறப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு உள்ளே உட்கார்ந்து சோக்கை இழுத்து ஸ்டார்ட் போடுவார். அங்கேதான் எனக்குச் சங்கடம் ஆரம்பிக்கும். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். புகை முழுக்க என் கடைக்குள் வரும். அவர் இறங்கி வந்து பானட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி நிற்பார். சோக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவார், மறுபடி வந்து தொடுவார். டாக்டரம்மா கைப்பையோடு வாசலில் வந்து நின்றாலும் அசையமாட்டார்.

"பொறுங்கம்மா. சூடேறாத பச்சை என்ஜின மிதிச்சா உள்ள எண்ணெய் ஏறாது. இரும்பும் இரும்பும் ஒரசும்" என்பார்.

அந்த அம்மாள் பொல்லாத கோபக்காரி. நர்சுகள் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே ஒளிவார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் நிற்பாள். அதில் அண்ணாச்சிக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அந்த வண்டியை வேறு யாரும் தொடக் கூடாது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் ஒரு பழக்கம் உண்டு. சாரல் விழுகிற நாளில் வெயில் ஏது? அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத் துண்டை, நின்றுகொண்டிருக்கிற கார்களின் சூடான பானட்டில் விரித்துவிட்டு மிளகாய் பஜ்ஜி தின்னப் போவார்கள். திரும்பி வருவதற்குள் அரைவாசி காய்ந்திருக்கும். எந்த டிரைவரும் ஒன்றும் சொல்வதில்லை. செல்லச்சாமி அண்ணாச்சி மட்டும் துண்டை எடுத்துச் சேற்றில் வீசுவார். ஒரு தடவை டாக்டரம்மாவின் சொந்த அண்ணன் துண்டையே வீசிவிட்டார். "ஊரான் துண்டு காயுததுக்கா நான் இத சூடு பண்ணி வச்சிருக்கேன்?" என்று அவரிடமே கேட்டார்.

எண்பத்து மூணில், சீசன் தொடங்குகிற சமயம், ஒரு நாள் பேட்டரி இறங்கிப் போயிருந்தது. அண்ணாச்சி முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். அது திருப்பி அடித்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. நான்தான் ரிக்‌ஷா பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாவுக்கட்டுப் போடுகிற வலியில்கூட அவர் கேட்டது ஒன்றுதான். "வண்டிய யாரு ஓட்டுவா?"

ஓட்டியது முகம்மது மீரான். துபாயில் டிரைவராக இருந்து, ஒப்பந்தம் முடிந்து வந்து, அடுத்த விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்த பையன். கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் கண்ணாடி வைத்த கடிகாரம். அண்ணாச்சிக்குப் பார்த்த மாத்திரத்திலேயே வயிறு எரிந்தது.

அன்றிலிருந்து அவர் காலைப்பொழுது முழுக்க என் கடை பெஞ்சில்தான். கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எதிர்வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். மீரான் ஸ்டார்ட் போடுவான். என்ஜின் சத்தம் ஒரு நிலைக்கு வந்ததும் உடனே வண்டியை எடுத்துவிடுவான். ஆனால் மிதிக்கமாட்டான். ரயில்வே கேட் வரைக்கும் மாட்டுவண்டிக்குப் பின்னால் போகிறவன் மாதிரிப் பையப் பையத்தான் போவான். சூடு காட்டுகிற முள் ஏறின பிறகுதான் வேகம்.

"பாத்தியாலே? தொட்டே பாக்கல. பச்சையா எடுத்துட்டுப் போறான். சிலிண்டர் தேஞ்சு நாசமாப் போவும்" என்றார் அண்ணாச்சி.

"தேய்ஞ்சா உங்களுக்கு என்ன? டாக்டரம்மா பாத்துக்கிடுவா."

"ஏலே, அந்த என்ஜின் ஏற்கெனவே வயசானது. பேரிங் லூசு, பையத்தான் ஓட்டணும்னு மெக்கானிக் எங்கிட்டதான சொன்னான்? இந்தக் கோட்டிக்காரனுக்கு என்ன தெரியும்?"

வண்டி எப்போது படுக்கும் என்று அவர் காத்திருந்தார். உள்ளதைச் சொல்கிறேன், ஆசைப்பட்டுக் காத்திருந்தார். வண்டி படுக்கவில்லை. என் கடைக்குள் வருகிற புகைதான் நின்றது. ஒரு நாள் டாக்டரம்மா வாசலில் நின்று, எங்களுக்குக் கேட்கிற மாதிரியே, "மீரான், நீ வந்தப்புறம் பெட்ரோல் ரொம்ப நாள் வருதே!" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணாச்சி எழுந்து போய்த் தெருமுனையில் காறித் துப்பிவிட்டு வந்தார்.

வீட்டில் அவர் மனைவி பேச்சித்தாய் சும்மா விடுவாளா? "ஓடிப்போன பொண்டாட்டி வீட்டு வாசலைப் பாக்குத மாதிரி தெனமும் அங்கன போய் உக்காந்திருக்கிய. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு நாளாவது நெத்தியத் தொட்டுப் பாத்திருப்பியளா?" என்று என் முன்னாலேயே கேட்டாள். அண்ணாச்சி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டரம்மா வீட்டு விருந்தாளிகள் ஐந்தருவிக்குப் போனார்கள். அண்ணாச்சி என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு, "போலே குத்தாலத்துக்கு" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அங்கே போனால், அம்பாசடரின் பானட்டில் இரண்டு துண்டு, ஒரு வேட்டி, ஒரு சின்னப் பிள்ளையின் பாவாடை எல்லாம் விரித்துக் கிடக்கிறது. மீரான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டு, காற்றில் பறக்காமல் அந்தப் பாவாடை மேல் ஒரு கல்லை எடுத்து வைத்தான். எங்களைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி, கை எப்படி இருக்கு?" என்று ஓடி வந்தான். அண்ணாச்சி அவனைப் பார்க்கவே இல்லை. அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வருகிற வழியில் இலஞ்சி தாண்டினோம். அப்புறம், "அந்த வண்டி எனக்குத் திரும்பி வராதுலே" என்றார். அப்போதுதான் எனக்கு அவர் மேல் இரக்கம் தோன்றியது.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். நாளைக் காலையில் வந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தாள். அண்ணாச்சி விடிந்ததும் முகச்சவரம் செய்து, காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. எதிரே பார்த்தால், வண்டிக் கதவுப் பக்கத்தில் மீரான் நிற்கிறான். கையில் சாவி.

"வரச் சொல்லிட்டு, இவனையும் வரச் சொல்லியிருக்காங்களே" என்றார் அண்ணாச்சி. முகம் கறுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆய்க்குடியிலிருந்து ஒரு ஆள் மூச்சு வாங்கச் சைக்கிளில் வந்து இறங்கினான். மகளுக்கு விடியற்காலையிலிருந்து வலி, பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தாள். "சீக்கிரம், சீக்கிரம், வண்டியை எடுங்க!" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மீரானைப் பார்த்துத்தான் என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார்.

பாய்ந்து போய் அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினார். மீரான் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் இவர் உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது, டாக்டரம்மாவும் பின்னால் ஏறிவிட்டாள். பானட்டைத் திறக்கவில்லை. ஆயில் குச்சியைப் பார்க்கவில்லை. சோக்கை இழுத்தார், ஸ்டார்ட் போட்டார், எடுத்த எடுப்பிலேயே மிதித்தார். ஒன்பது வருஷத்தில் அந்த வண்டி அப்படி அலறி நான் கேட்டதில்லை. "அண்ணாச்சி, கொஞ்சம் பைய!" என்று மீரான் பின்னால் ஓடினான். வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

பிறகு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். ரயில்வே கேட் தாண்டியதுமே அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வந்ததாம். அது பேரிங் சத்தம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அப்போது வேகத்தைக் குறைத்தால் மீரான் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று இன்னும் மிதித்திருக்கிறார். ஆய்க்குடிக்குக் கொஞ்சம் முன்னால், தென்னந்தோப்புப் பக்கம், என்ஜின் ஒரேயடியாய் இறுகி நின்றுவிட்டது. டாக்டரம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த வழியாக வந்த பால்காரனின் சைக்கிளை மறித்து, பால்கேனை இறக்கச் சொல்லி, கேரியரில் ஏறிப் போய்விட்டாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் இதை நான் இவ்வளவு லேசாகச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன்.

பஸ் கண்டக்டர் சொல்லித்தான் எங்களுக்குச் செய்தி தெரிந்தது. நானும் மீரானும் ஒரு டிராக்டரையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு போனோம். அண்ணாச்சி தூறலில் நனைந்துகொண்டு வண்டிக்கு வெளியே நின்றிருந்தார். மீரான் போன வேகத்தில் பானட் மேல் கையை வைத்தான்.

"கையை எடுலே!" என்று கத்தினார். "அது என் வண்டி. தொடாத!"

மீரான் கையை எடுத்தான். "அண்ணாச்சி, எனக்கு விசா வந்துட்டு. சாவிய உங்க கையில குடுத்துட்டுச் சொல்லிட்டுப் போகத்தான் காலையில வந்தேன்" என்றான்.

அண்ணாச்சி அவனையே பார்த்தார். "அத அங்கனயே சொல்லுததுக்கு என்னலே?" என்றார்.

"நீங்க எங்க சொல்ல விட்டிய?"

டாக்டரம்மா மறுநாள் அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். நானும் துணைக்குப் போனேன். "செல்லச்சாமி, இத்தனை வருஷமா என்னை வாசல்ல நிக்க வச்சீங்க. நேத்தும் கொஞ்சம் பொறுங்கம்மான்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேனே" என்றாள். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று அவள் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை. புது வண்டி வந்தது, புது டிரைவர் வந்தான். அம்பாசடர் பின்பக்கக் கொட்டகையில் கோழி முட்டையிடுகிற இடமானது. அண்ணாச்சி இலஞ்சியில் பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். என் கடைப் பெஞ்சுக்கு வந்தாலும் எதிர்வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

சில வருஷம் கழித்து மீரான் லீவில் வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல், கொட்டகையில் கிடந்த அந்த அம்பாசடரை டாக்டரம்மாவிடம் விலைக்குக் கேட்டு வாங்கி, என்ஜினைப் பிரித்துப் புதுசாக்கிப் பெயின்ட் அடித்துத் தன் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். அண்ணாச்சி அன்று என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. "எம்மேல உள்ள வஞ்சத்துலதான் வாங்கியிருக்கான்" என்பது அதில் மரியாதையான பகுதி.

லீவு முடிகிற சமயம் மீரான் என் கடைக்கே வந்து அவர் எதிரில் நின்றான். "நான் போனா வண்டி சும்மா கெடந்து கெட்டுரும் அண்ணாச்சி. வாரத்துக்கு ஒரு நாள் வந்து ஸ்டார்ட் போட்டு சூடு பண்ணி வைக்கணும். வேற யாருகிட்டயும் சாவி குடுக்க எனக்கு மனசு வரல."

"ஆளப் பாரு. உன் வண்டிக்கு நான் வேலைக்காரனாலே?" என்றார். ஆனால் நீட்டின சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

பள்ளிக்கூட விடுமுறை நாளில் போய் வருகிறார் என்று தெரியும். ஒரு ஆடி மாசத்தில், டயருக்குக் காற்றடிக்க வேண்டும் என்று என்னையும் பம்போடு கூட்டிப் போனார். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. முற்றத்துக் கொட்டகையில் பானட்டைத் திறந்து, ஆயில் குச்சியைத் துடைத்துப் பார்த்து, சோக்கை இழுத்து ஸ்டார்ட் போட்டார். பிறகு பானட்டை மூடி உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் பழைய மாதிரிதான். புகையும் பழைய மாதிரிதான். மீரானின் பெட்ரோலை வேண்டுமென்றே எரிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மீரானின் மனைவி ஹாஜரா பீவி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு வாளியோடு வந்தாள். கைக்குழந்தையின் சட்டைகள், தொட்டில் துணி, எல்லாம் ஈரம். அவற்றை அவர் எடுத்து வீசப்போகிறார் என்று பம்பைக் கீழே போட்டேன். அண்ணாச்சி ஒதுங்கி நின்று வழி விட்டார். அவள் ஒவ்வொன்றாகப் பானட்டில் விரித்துவிட்டு நடைப்பக்கம் போய் நின்றாள். இவர் ஓரத்தில் மடங்கிக் கிடந்த ஒரு குட்டிச் சட்டையின் கையை நீவி விட்டார். என்ஜின் சூடாகி வெகு நேரம் ஆகியும் நிறுத்தவில்லை. துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் காய்ந்து அவள் எடுக்க வந்தபோது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, மீரான் இருக்கப்போ இப்படிக் காயுமா?"

அவள் கெட்டிக்காரி. சிரிக்காமல் சொன்னாள்: "எங்க காயுது அண்ணாச்சி? அவுக ஸ்டார்ட் போட்டதும் எடுத்துட்டுப் போயிருவாக. பானட்டு சூடே ஆகாது. நீங்க வந்தாத்தான் காயுது."

அன்று திரும்பும் வழியில் அண்ணாச்சி எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். அவரோடு இத்தனை வருஷப் பழக்கத்தில் அதுதான் முதல் தடவை.